ஏழேகால் மணி வேனும் புறநகர் மனையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனியிலும் சித்திரையிலும் சேலத்துக்காரர்கள் வீடு பார்க்கிறார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆடி குறுக்கே வந்துவிடும் என்பதால் முடிவும் அவசரமாகவே எடுக்கப்படுகிறது. சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் அப்போது ஓடும் பேச்சு இதுதான்: டவுனுக்குள் வாடகைக்கே இருப்பதா, கடனை வாங்கியாவது அயோத்தியாபட்டணம், கருப்பூர், மல்லூர் பக்கம் சொந்தமாகக் கட்டிக்கொண்டு போய்விடுவதா? மனை விலை, வாடகை, மாதத் தவணை எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்கிறோம். அந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தையின் ஒரு நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

எழுதிப் பாருங்கள். பள்ளி வேன் கடைக்கோடியிலிருந்து கிளம்பி டவுனை நோக்கி வருகிறது. அதனால் தொலைவில் இருக்கும் குழந்தைதான் காலையில் முதலில் ஏறும், மாலையில் கடைசியாக இறங்கும். பைக்கில் அரை மணி நேரத்தில் போகும் 14 கிலோமீட்டர், பத்துப் பதினைந்து நிறுத்தங்களோடு வேனில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஏழேகாலுக்கு வேன் என்றால் ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. வேனில் போகிற பிள்ளைக்குப் பகல் தூக்கம் கிடையாது. ஆகவே இரவு எட்டு மணிக்கே தூங்கியிருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பும் அப்பா வீடு சேர எட்டரை ஆகிவிடும். வாரத்தில் ஆறு நாள், மாலையில் அந்தக் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். அவர் வரும்வரை குழந்தையை விழிக்க வைத்தால், மறுநாள் காலையில் அரைத் தூக்கத்தில் இட்லியை வாயில் திணித்து வேனில் ஏற்றும் கூத்து நடக்கும்.

பெட்ரோல் கணக்கு இதைவிட எளிது. போக வர 28 கிலோமீட்டர், மாதம் 25 நாள், மொத்தம் 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டிக்கு 14 லிட்டர் ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஒருவருக்கு 1,400 ரூபாய். அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால் இரட்டிப்பு, இரண்டாவது வண்டியின் தவணை வேறு. அதோடு வேன் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டு வாடகையோடு ஒப்பிடுங்கள். மே மாதத்துக்கும் வேன் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வண்டியில் நாமே கொண்டுபோய் விடுகிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் குழந்தைக்கு ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதி. நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம்தான். சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் பைபாஸுக்கு அந்தப் புறம் மனை வாங்குகிறவர்கள், சுரங்கப் பாதை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறார்கள். முன்னால் நிற்கும் குழந்தையின் நெற்றி அப்போது ஹேண்டில்பார் உயரத்தில் இருக்கிறது. மனையைப் பார்க்கப் போகும்போதே, சட்டப்படி எங்கே திரும்பிப் பள்ளிக்குப் போக முடியும் என்று ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் வைத்து, புறநகரே கூடாது என்பது எங்கள் கருத்தல்ல. கன்னங்குறிச்சியும் அயோத்தியாபட்டணமும் ஓமலூரும் ஊர்கள். ரேஷன் கடை, அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி, டவுன் பஸ் நிறுத்தம் எல்லாம் ஒரு கால்மணி நேர நடைக்குள் இருக்கும். அங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டியும் உண்டு, காலை அவசரம் பாதி குறைந்துவிடும். சிக்கல் வருவது, அந்த ஊரின் பெயரைச் சொல்லி ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் போடப்படும் லேஅவுட்டுகளில். அங்கே பால் பாக்கெட் வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். இன்னொன்று: தனியார் பள்ளிகளில் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி கட்டணமில்லாத 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கே முன்னுரிமை என்பதை மறந்துவிட்டு வீடு மாறுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றி. டவுனுக்குள் காவிரித் தண்ணீர் வருகிறது. புது லேஅவுட்டில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். சேலம், தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு என்ற கனிம உப்பு உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வரைதான் ஃப்ளூரைடு பல்லைக் கெடுக்கும். பால் பல்லில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஏழு வயதில் மேல் முன்பல் முளைக்கும்போதுதான் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல வெள்ளைப் பட்டை தெரியும், போகப் போகப் பழுப்பாகும், எந்தப் பற்பசைக்கும் போகாது. அம்மா அப்பா அதைக் கவனிக்கும்போது குழந்தை ஐந்தாறு வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும்.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது தவறு. காய்ச்சினால் கிருமி சாகும். நீர் ஆவியாகக் குறையக் குறைய ஃப்ளூரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டரும் புற ஊதா விளக்கு வைத்த கருவியும் அதை நீக்காது, ஆர்.ஓ. நீக்கும். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டு, சோறும் பருப்பும் போர் தண்ணீரில் வைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. நைட்ரேட் இன்னொரு தொல்லை. 45 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் பால்பவுடர் கலக்கிக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். இது பெரும்பாலும் செப்டிக் டேங்கிலிருந்தும் உரம் போட்ட வயலிலிருந்தும் கசிந்து வருவது. போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்கிறார்கள். நம் லேஅவுட்டில் மனையின் அகலமே 30 அடி. உங்கள் டேங்கைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் டேங்க் உங்கள் போருக்கு அருகே வந்துவிடும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். மனையில் போர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் நிற்கும் பழைய நீர் போன பிறகு, அதே நீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் கேனில் இரண்டு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் சுத்திகரித்த பாட்டிலில் தனியாகப் பிடிக்க வேண்டும். அறிக்கையில் ஃப்ளூரைடு, நைட்ரேட், மொத்த உப்பு ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள்.

நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறை விடும் தெருக்களில் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே உயிரோடு கிடக்கும். வாரத்தில் ஒரு நாள் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தை உள்ளே விழுந்துவிடாதபடி சம்ப் மூடி பூட்டுப் போட்ட இரும்பு மூடியாக இருக்கட்டும். வாங்கும் மனையைச் சுற்றி 300 அடிக்குள் தரைமட்டக் கிணறோ கைவிட்ட போர் குழியோ இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போர் குழியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்ததை எந்தப் பெற்றோரும் மறந்திருக்க முடியாது.

டவுன் வீட்டிலும் பார்க்க வேண்டியவை உண்டு. அம்மாப்பேட்டையில் பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் விசைத்தறி இருந்தால் இரவிலும் ஓடும். பகல் பன்னிரண்டு மணிக்கு வீடு காட்டும் புரோக்கர் அதைச் சொல்லமாட்டார். வெள்ளிப் பட்டறை உள்ள சந்தில் அமில நெடி வரும். திருமணிமுத்தாற்றையும் திறந்த சாக்கடையையும் ஒட்டிய தெருவில் கொசு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷன் வாடகை குறைவாகக் கிடைக்கும். சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிக்குப் போய் மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சுட்டால் அந்த வீட்டில் கைக்குழந்தை தூங்காது. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி நான்கு அங்குலத்துக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழையும், வலை அடித்துத் தரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் பல ஒரு நாளில் சரிசெய்யக்கூடியவை, அல்லது வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீர் ஓடைக்கு அருகே கட்டிய சொந்த வீட்டை அப்படி மாற்ற முடியாது.

எங்கள் யோசனை வயதை ஒட்டியது. மூன்று வயது வரை, அப்பாயியோ அம்மாயியோ வீட்டில் இருந்தால் புறநகரே நல்லது. பள்ளி ஓட்டம் இல்லை, தடுப்பூசிக்குப் புதன்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். மூன்றிலிருந்து ஒன்பது வரை, பள்ளிக்குக் கை பிடித்து நடந்து போகும் தூரத்தில் வாடகைக்கு இருங்கள், அது ஃபேர்லேண்ட்ஸாக இருந்தாலும் சரி, கன்னங்குறிச்சி ஊருக்குள்ளாக இருந்தாலும் சரி. பல் உருவாகி முடிவதும், வருகிற வண்டியின் வேகத்தைக் கணித்து ரோட்டைத் தாண்டும் பக்குவம் வருவதும் அந்த வயதையொட்டித்தான். அதற்குப் பிறகு புறநகருக்குப் போனால் பிள்ளை தானே சைக்கிள் ஓட்டும், டவுன் பஸ் ஏறும். அதுவரை மனையை வாங்கிக் கம்பிவேலி போட்டு வைத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்படி வாங்கும்போது பூங்காவைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 சதுர மீட்டரிலிருந்து 10,000 வரை உள்ளவர்கள் இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம். ஆகவே இரண்டு ஏக்கர் லேஅவுட்டில் பிள்ளைகள் விளையாட இடமே இல்லாமல் போகலாம், அது சட்டப்படியும் சரி. பெரிய லேஅவுட்டில் விளம்பரப் படத்தில் ஊஞ்சலும் சறுக்கும் இருக்கும், தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டால்தான் தெரியும்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மனை விளம்பரங்களில் ரெரா எண், அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் வருகிறது. அதற்குக் கீழேயே பூங்காவின் தானப் பத்திர எண்ணையும் ஆண்டையும், இடமாக விடாமல் பணமாகக் கட்டியிருந்தால் அந்த விவரத்தையும் ஒரே வரியில் அச்சிட வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் தாங்கள் கேட்டு வாங்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
அழகாபுரம், சேலம்.