தவறிய கணிப்பையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வெளியுறவு வல்லுநர்களாகவும் உளவுத் தகவல் பகுப்பாய்வாளர்களாகவும் விளங்கியோர் பற்றிய தங்கள் கட்டுரை, அவர்கள் வகித்த பதவிகளையே வரிசைப்படுத்துகிறது. அவர்களின் கணிப்புகள் எவ்வளவு பலித்தன என்பதல்லவா முக்கியம்? யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்து, 1952 முதல் 1967 வரை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் தேசிய மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஷெர்மன் கென்ட். கியூபாவில் சோவியத் ஒன்றியம் தாக்குதல் ஏவுகணைகளை நிறுவ வாய்ப்பு குறைவு என்று 1962 செப்டம்பரில் அவரது குழு மதிப்பிட்டது. அடுத்த மாதமே அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் எடுத்த படங்கள் அதைப் பொய்யாக்கின. அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பதை அவரே பின்னர் விரிவாக எழுதிவைத்தார்.

கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்துகிறேன். வெற்றிக் கதைகளைவிட இந்த நிகழ்வுக்கே மாணவர்கள் அதிகம் கேள்வி எழுப்புகிறார்கள். இத்தகைய வல்லுநர்களை அறிமுகப்படுத்தும்போது, அவர்களின் தவறிய கணிப்பு ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.