அது விஷமா என்று கேட்டிருந்தாய்

மதுரை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டாய். இங்கே இன்னும் அனல்தான். முழங்கால் வலியும் அப்படியே. மாடிப்படி ஏறாதே என்கிறார் டாக்டர். ஆய்வகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, என்ன செய்ய?

சரி, யாழினி விஷயம். காந்த நானோதுகளில், அதாவது கண்ணுக்கே தெரியாத இரும்பு ஆக்சைடுத் துகளில், முனைவர் பட்டம் செய்யப்போகிறாள், அது விஷமா என்கிறாய். அப்பனாகக் கேட்கிறாய் என்றால் பதில் சின்னது: திரவத்தில் இருக்கும்வரை பெரிய பயம் இல்லை. உலர்ந்த பொடியை மட்டும் ஃப்யூம் ஹூடுக்கு (ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) வெளியே திறக்கக் கூடாது. 2016இல் இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆட்கள் மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் துகள்களைக் கண்டார்கள். உருகி உறைந்தது போல உருண்டையானவை. காற்று மாசிலிருந்து மூக்கு வழியாகப் போயிருக்கலாம் என்றார்கள். அதனால் நோய் வரும் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் மாஸ்க்கைக் கழற்றாதே என்று சொல்.

என்னோடு கெமிஸ்ட்ரி படித்தவனாகக் கேட்கிறாய் என்றால் கொஞ்சம் உட்கார்ந்து படி. துகள் பத்து நானோமீட்டர் என்று வை. செல் சவ்வின் கொழுப்பு அடுக்கு ஏறக்குறைய ஐந்துதான். துகள் அதைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சவ்வே குழிந்து துகளைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பது இரும்பைவிட மேல்பூச்சைப் பொறுத்தது. நேர்மின் பூச்சு கொடுத்தால், எதிர்மின் தன்மையுள்ள சவ்வில் அப்பிக்கொள்ளும், சில சமயம் சவ்வில் கசிவே உண்டாகும். டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பூசினால் சாது. போதாததற்கு, ரத்தத்தில் இறங்கியதுமே புரதங்கள் ஒட்டி வேறு ஒரு முகம் போட்டுவிடும். அதனால் கண்ணாடித் தட்டில் கிடைத்த முடிவை அப்படியே உடம்புக்குப் பொருத்த முடியாது.

என்னை உறுத்துவது அதற்கு அப்புறம் நடப்பது. உள்ளே போன துகள் லைசோசோமில், அதாவது செல்லின் செரிமானப் பையில், சேர்கிறது. அங்கே பி.எச். ஐந்துக்கும் கீழே, அமிலம்தான். பூச்சு மெல்லக் கரைந்து இரும்பு அயனி வெளியேறுகிறது. செல்லில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு அது சேர்ந்தால், நாம் பாடத்தில் படித்த அதே ஃபெண்டன் வினை, 1894இல் எழுதப்பட்டது! பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு (எதையும் தாக்கும் மூலக்கூறுத் துண்டு) சவ்வுக் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பறிக்க, சங்கிலியாக அது கெட்டுப்போகிறது. செல் இப்படி இரும்பால் சாகும் விதத்துக்கு 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரும் வைத்தார்கள். ஆக, சவ்வுக்கு ஆபத்து உள்ளேயிருந்து, தாமதமாக வருகிறது. 24 மணி நேரம் பார்த்துவிட்டு ‘நச்சில்லை’ என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

அதற்காக மிரண்டுவிடாதே. ஃபெரூமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோதுகள் மருந்தை, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு அமெரிக்கா 2009இலேயே அனுமதித்தது. ஒரு தடவைக்கு 510 மில்லிகிராம் இரும்பு. நம் உடம்பிலேயே மொத்தம் மூன்று, நான்கு கிராம்தான். கல்லீரலும் மண்ணீரலும் அதைப் பிரித்துச் சேமித்துக்கொள்கின்றன. அங்கே வந்த சிக்கல் வேறு: கடும் ஒவ்வாமை. 2015இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். பெர்லினில் ஒரு நிறுவனம் மூளைக் கட்டிக்குள் துகளைச் செலுத்தி, மாறுகாந்தப் புலத்தில் சூடேற்றி அழிக்கும் முறைக்கு 2010இல் ஐரோப்பிய அனுமதி வாங்கியது. அங்கே செல்லைக் கொல்வதுதான் சிகிச்சையே. பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட முதலில் எடுத்துவிட வேண்டுமாம்!

யாழினியிடம் இரண்டு விஷயம் கேள். என்ன பூச்சு? உயிருள்ள செல்லை, அது உண்டாக்கும் நிறத்தை வைத்து அளக்கும் எம்.டி.டி. சோதனையால் எண்ணப்போகிறாளா? கருந்துகள் தானே ஒளியை உறிஞ்சும். துகள் மட்டும் போட்ட கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி) இல்லாவிட்டால் நிற அளவீடு பொய் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் போடச் சொல், மற்ற நாளில் வகுப்பு இருக்கும். தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
சங்கரன்