படத்தின் பெயரோடு வருஷத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் இன்று டிவியில் என்னென்ன படம் என்று தினமும் ஒரு பட்டியல் வருகிறது இல்லையா, அதில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் அது வந்த வருஷத்தையும், இடம் இருந்தால் இயக்குநர் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பாலக்கோட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மருமகளும் அங்கேதான். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் டிவியும்தான். மூன்று வருஷமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை டிவியில் நல்ல பழைய படம் ஏதாவது வருகிறதா என்று உங்கள் பேப்பரில் பார்ப்போம், வருகிறது என்றால் அதே மாதிரி விஷயத்தைச் சொல்லும் வேறு வருஷத்துப் படம் ஒன்றை அவர் யூடியூபில் தேடி எடுத்து வைப்பார், அதை ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம். அப்புறம் அந்த வாரம் முழுக்க அந்த இரண்டு படத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒரு பழைய டைரியில் வருஷம், இயக்குநர், கேமரா யார், எங்கே அழுதோம் என்றெல்லாம் எழுதியும் வைக்கிறேன்.

போன ஆடி மாதம் உங்கள் பட்டியலில் 'நான் அவனில்லை' என்று இருந்தது. 1974இல் பாலசந்தர் இயக்கி ஜெமினி கணேசன் நடித்த படம், வீட்டுக்காரர் சின்ன வயதில் டெண்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தது, (எங்கள் பக்கத்தில் கழனியில் இருக்கும் வீட்டையும் கொட்டாய் என்றுதான் சொல்வோம், அதனால் அந்த வார்த்தையைச் சொன்னாலே அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்) அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். களியும் கீரைக் குழம்பும் சீக்கிரமே முடித்துவிட்டு உட்கார்ந்தோம். வந்தது 2007இல் அதே பெயரில் வந்த படம். அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஆனால் அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான்கு எண்களைப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. 'பில்லா' 1980இலும் இருக்கிறது, 2007இலும் இருக்கிறது. 'தில்லு முல்லு' 1981, 2013. 'முரட்டுக்காளை' 1980, 2012. வெறும் பெயரை மட்டும் போட்டால் எதை நம்பி உட்காருவது?

வருஷத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறாய் என்று என் தங்கையே கேட்டாள். வருஷம் தெரிந்தால் படமே வேறு மாதிரி தெரிகிறது, அதுதான் காரணம். நாங்கள் பார்த்ததில் பெரிய சண்டை வந்தது 'பாசமலர்', 'முள்ளும் மலரும்' இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தபோதுதான். முதலாவது பீம்சிங் இயக்கி 1961இல் வந்தது, நான் பிறந்த வருஷம். இரண்டாவது 1978, மகேந்திரனின் முதல் படம், கேமரா பாலு மகேந்திரா. இரண்டும் அண்ணன் தங்கை கதை. இரண்டிலும் தங்கைக்குப் பிடித்தவனை அண்ணனுக்குப் பிடிக்காது, இரண்டிலும் சண்டை வேலை செய்யும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் 1961இல் அண்ணன் முதலாளி, தங்கை விரும்புகிறவன் தொழிலாளர் பக்கம் நிற்கிறவன். 1978இல் அப்படியே தலைகீழ், அண்ணன் விஞ்ச் (கம்பிவடத்தில் இழுக்கும் வண்டி) ஓட்டுகிற தொழிலாளி, தங்கையைக் கேட்டு வருகிறவன் மேலதிகாரியான இன்ஜினியர். பதினேழு வருஷத்தில் நாம் அழ வேண்டிய ஆள் முதலாளியிலிருந்து தொழிலாளியாக மாறிவிட்டான். இதை இரண்டு படத்தையும் ஒன்றாகப் பார்க்காமல் இருந்திருந்தால் நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம்.

வீட்டுக்காரர் 'முள்ளும் மலரும்' பக்கம். "மேலே ஏறி வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும், கீழே நின்று ரூல் பேசுகிற ஆபீசர் மேல் என்ன கோபம் வரும் என்று" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கம்பத்தில் ஏறி ஏறி முப்பது வருஷம் ஓட்டியவர், அவர் சொன்னால் நான் மறுத்துப் பேச முடியாது. நான் 'பாசமலர்' பக்கம் நின்றேன். சிவாஜியும் சாவித்திரியும் கடைசியில் அழும்போது இது ஜாஸ்தி என்று இப்போதைய பிள்ளைகள் சொல்வார்கள், எனக்கு அது ஜாஸ்தியாகத் தெரியவில்லை, எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் அதைவிடச் சத்தமாகத்தான் அழுவோம்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கல்யாணத்தில் என் அண்ணனுக்கு இஷ்டம் இல்லை, பத்து மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒருநாள் வந்தார், ஒரு கூடை செந்தூரா மாம்பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். 'முள்ளும் மலரும்' முடிவில் அந்த அண்ணனும் அப்படித்தான், மாப்பிள்ளையை இன்னும் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே தங்கையைக் கொடுக்கிறான். அந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. டைரியில் அதையும் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு ஜோடியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954, கமல் இயக்கிய 'விருமாண்டி' 2004, சரியாக ஐம்பது வருஷ இடைவெளி. நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வதுதான் இரண்டு படமும். டஜன் கணக்கில் பாட்டு வைத்த காலத்தில் 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை, கதாநாயகன் ஆரம்பத்திலேயே செத்துப்போகிறான். சுட்டது யார் என்று எழுத மாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்கட்டும். 1954இல் கேள்வி கேட்டு உண்மையை வாங்குகிறவர் போலீஸ் அதிகாரி, 2004இல் ஜெயிலுக்குள் கேமராவோடு போகும் ஒரு பெண். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது வீட்டுக்காரர்தான்.

இந்த 'அந்த நாள்' படத்தை ஒரு சேனலில் பார்த்தபோது இன்னொரு வருத்தமும் சேர்ந்துகொண்டது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைப் படம், 'ராஜ ராஜ சோழன்', அது வந்தது 1973இல். அதற்கு முந்தைய படங்களின் காட்சிச் சட்டம் (ஃப்ரேம்) கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும், இன்றைய அகல டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக விடவேண்டும். அப்படி விடாமல் திரை முழுக்க நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், அப்படி வெட்டினால் படத்தில் கால்வாசி போய்விடுகிறது. நெற்றி இல்லாத முகங்களைத்தான் இரண்டு மணி நேரம் பார்த்தோம். போதாததற்கு ஆரம்பத்தில் வரும் பெயர்களையும் தூக்கிவிட்டு நேராகக் கதைக்குப் போய்விட்டார்கள், கேமரா யார், எடிட்டிங் யார், ஒன்றும் தெரியவில்லை. 1931இல் வந்த நம்முடைய முதல் பேசும் படம் 'காளிதாஸ்', அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. மிச்சம் இருக்கிற படங்களையாவது எடுத்தவர்கள் எடுத்த மாதிரியே காட்டுங்கள் என்று நீங்கள் எழுதினால் சேனல்காரர்கள் காதில் விழும், நான் சொல்லி விழாது.

டிவியிலேயே பெயர்களைக் காட்டாதபோது வருஷத்துக்கு நான் உங்கள் பட்டியலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வர வர எழுத்தைச் சின்னதாக்கினாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறோம்.

இந்தச் சனிக்கிழமைக்கு 'பொல்லாதவன்' என்று போட்டிருக்கிறீர்கள். அதுவும் 1980இல் ஒன்று, 2007இல் ஒன்று. எது என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் அவர் ஜோடிப் படம் தேட ஆரம்பித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.