பழைய கார் உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) சேராத மாதங்கள் நீங்கலாக. ஆயுத பூஜையும் குடியரசு தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. கார்புரேட்டர் பராமரிப்பு வகுப்பு ஒன்று நடந்தது. வந்தவர்கள் பயன் பெற்றார்கள்.

அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும் ஊரே காரை ஓட்டிக்கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தியது நினைவிருக்கும். நம் உறுப்பினர்களின் அம்பாசடர், பத்மினி எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. இந்த ஆண்டில் நம் வண்டிகள் அதிக எண்ணிக்கையில் ஒரே இடத்தில் சேர்ந்தது அன்றுதான். அதற்கு அழைத்தது வானிலை மையம், நான் அல்ல.

நான் அழைத்தது மார்கழி மாலைப் பயணத்துக்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘எதற்கு இந்த வேண்டாத வேலை’ என்று சிலர் பேசியதாகக் காதில் விழுந்தது.

நம்மிடம் இருப்பவை பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரில் கலந்து ஓடும் பழைய வண்டிகள். மே மாதத்தில் மத்திய கைலாஷ் சிக்னலில் இரண்டு முறை பச்சை விழுவதற்குள் ரேடியேட்டர் கொதிக்க ஆரம்பித்துவிடும். பெட்ரோல் லைனில் ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுபோகும். நடுரோட்டில் பானெட்டைத் தூக்கிப் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு நிற்காதவர் நம்மில் யார்? ஆக, குடும்பத்தோடு நிம்மதியாக ஓட்ட நமக்கு இருப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான். அதில் முதலில் கார்த்திகையிலேயே, டிசம்பர் 1-க்கு வைத்திருந்ததை ஃபெஞ்சல் புயல் கலைத்தது. ஜனவரி 11, சனிக்கிழமை என்று மாற்றினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டம் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை நமக்குக் கொஞ்சம் வழிவிடும் என்பது ஒரு கணக்கு. 13-ஆம் தேதி பௌர்ணமி, ஆகவே நிலாவும் ஏறக்குறைய முழுதாக இருக்கும் என்பது இன்னொன்று. தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வருகிறோம் என்று பெயர் கொடுத்த வண்டிகள் 23. எலியட்ஸ் கடற்கரையில் மாலை நாலரை மணிக்கு வந்து நின்றவை 9.

முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி, கண் விழித்தது உடம்புக்கு ஆகவில்லை என்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சபாவில் கச்சேரி டிக்கெட் வாங்கிவிட்டவர்களும் சரி. ஆனால் ‘பனியாக இருக்கிறது, சளி பிடிக்கும்’ என்று அன்று மூன்று மணிக்குச் செய்தி அனுப்பியவர்களுக்கு ஒரு தகவல்: சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, 1905 ஜனவரியில் அப்படி ஒரு நாள் இருந்தது. அதற்கப்புறம் ஊர் வெகுவாகத் தேறிவிட்டது. சாதாரண ஜனவரி இரவில் 20, 21-ஐ ஒட்டித்தான் இருக்கும். மங்கி கேப் போட்டுக்கொண்டு வந்த நமது மூத்த உறுப்பினருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் வந்தார்.

திருவான்மியூர், நீலாங்கரை, உத்தண்டி சுங்கச்சாவடி என்று போய் முட்டுக்காடு பாலத்தில் ஏறியபோது வெயில் இறங்கி, கடல் பக்கம் நிலா மேலே வந்திருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லோரும் மெதுவாக ஓட்டினோம். நான்கு பேர் உட்கார்ந்த அம்பாசடரில் கண்ணாடியை ஏற்றினால் உள்ளே ஆவி படிகிறது. ஒருவர் துடைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு உறுப்பினரின் பேத்தி, கண்ணாடி இறக்கும் கைப்பிடியை அன்றுதான் முதல்முறை பார்த்தாளாம். திருவிடந்தை வரை அதைச் சுற்றிக்கொண்டே வந்தாள், யார் சொல்லியும் கேட்கவில்லை.

திருவிடந்தையில் டீ, சுண்டல். நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு முழுசாகத் தூக்கித் திறப்பதைப் பார்க்க ரோட்டில் போனவர்களும் கூடிவிட்டார்கள். கிளம்பும்போது அண்ணா நகர் சாரின் பத்மினி ஸ்டார்ட் ஆகவில்லை. சோக்கை இழுத்தார், செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரி, பெட்ரோல் என்று ஆளுக்கொன்று சொன்னோம். எண்பதைத் தாண்டிய பெரியவர்தான், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே கடல் ஈரம் முத்து முத்தாகப் படிந்திருந்தது. வேட்டித் தலைப்பால் துடைத்து மாட்டினார். அடுத்த செல்ஃபில் பிடித்துக்கொண்டது. பத்து மணிக்குள் எல்லோரும் வீடு சேர்ந்தோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி 50 ஆண்டைத் தாண்டிய காரை விண்டேஜ் என்று பதிவு செய்துகொண்டால், அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான காரியங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். சங்கம் பயணம் வைக்காவிட்டால் அந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்க்கும் ஒர்க்‌ஷாப்பும்தான் கதி. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைத் தாண்டிய கார்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய் ஆகியிருப்பதும் தெரிந்ததே. இவ்வளவு கட்டி வைத்துக்கொண்டு காரைக் கவர் போட்டு மூடிவைப்பதில் என்ன இருக்கிறது?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு திருப்திகரம், செலவு தவிர்க்க முடியாதது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. சுண்டல் செலவு சங்கக் கணக்கில் இல்லை, கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

குறைவுக்குக் காரணம் ரகசியமில்லை. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய், ஒரு முறை இன்ஜின் ஆயில் மாற்றும் செலவுகூட இல்லை. 42 உறுப்பினர்களில் 17 பேர் இன்னும் கட்டவில்லை. அதில் சிலர் இரண்டு ஆண்டு பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், வாசிக்கவில்லை. பதிவுத் துறைக்கு ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். சந்தா கட்டாதவரைப் பட்டியலில் எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டர் என்னைத்தான் கேட்கிறார்.

அரங்கை வாடகையின்றித் தந்த உறுப்பினருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், பயணத்தன்று உடன் வந்த மெக்கானிக்குக்கும், வீட்டுப் பெண்மணிகளுக்கும் நன்றி.

வரும் மார்கழியில் மாமல்லபுரம் வரை போகலாம் என்று எண்ணம். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறிப்போகின்றன. அதற்குள் எல்லோரும் அவற்றை மாற்றிவிடுவது நல்லது. இந்தப் பயணப் பொறுப்பை இளையவர் யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு முழுச் சம்மதம். யாரும் கை தூக்காவிட்டால் நானே பார்க்கிறேன், ஆனால் முன்பணம் கட்டிய வண்டிகளை மட்டும் கணக்கில் வைத்துத்தான் ஏற்பாடு செய்வேன். கூட்டம் முடிந்ததும் காபி, போண்டா உண்டு. ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் அந்த மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்