அம்மா, வீடு காலியாக இல்லை

பெர்லின்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று வீடியோவில் பேசும்போது பெரியம்மா உன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, இன்னும் ஒரு சோபாகூட வாங்கலியா, வீடு வெறிச்சுனு கெடக்குதே" என்று கேட்டதும் உன் முகம் மாறியதைப் பார்த்தேன். ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். அப்பாவிடம் சொல்லிப் பணம் போடச் சொல்கிறேன், ஒரேயடியாக எல்லாம் வாங்கிப் போட்டுவிடு என்கிறாய். வேண்டாம் அம்மா. பணம் இல்லாமல் வீடு இப்படி இருக்கவில்லை. இதைப் போனில் சொன்னால் அரைகுறையாகத்தான் போகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, இங்கே கடைகள் மூடியிருக்கும், சுவரில் டிரில் போடவும் கூடாது, எல்லோருக்கும் ஓய்வு நாள் என்பதால் சத்தமே எழுப்பக்கூடாது. கடிதம் எழுதத் தோதான நாள்.

முதல் வீட்டில் நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. வந்த புதிதில் ஒரே சனிக்கிழமையில் 1,400 யூரோவுக்கு எல்லாவற்றையும் வாங்கினோம், பாதி தவணையில். சாம்பல் நிற சோபா, சாம்பல் நிறக் கம்பளம், கண்ணாடி டீப்பாய், சுவரில் மாட்ட ஏதோ ஒரு ஊரின் கறுப்பு வெள்ளைப் படம். கடையில் ஜோடித்து வைத்திருந்த அறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பத்து மாதம் தவணை கட்டினோம். அந்தப் பத்து மாதமும் நான் உட்கார்ந்தது சமையலறை ஜன்னலோரத்து முக்காலியில்தான், ஏனென்றால் வெளிச்சம் அங்கேதான் வந்தது. வீடு மாறியபோது சோபா புது வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் நுழையவில்லை. 600 யூரோவுக்கு வாங்கியதை 120க்கு விற்றோம். அன்று ராத்திரி அழுதேன். பணம் போனதும் வலித்தது, அதைவிட, இத்தனை நாள் குடியிருந்த வீட்டிலிருந்து ஆசையாக எடுத்து வர ஒரு பொருள்கூட இல்லையே என்பதுதான் அதிகம் வலித்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதியில் இருக்கிற இந்த வீடு. நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கூரை மூன்று மீட்டருக்கு மேல் உயரம், தரை முழுக்க மரப்பலகை. நம் ஊரில் வீடு காலி என்றால் டியூப்லைட்டும் ஃபேனுமாவது இருக்கும் இல்லையா? இங்கே முன்பு இருந்தவர்கள் விளக்கையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சாவி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது ஒவ்வொரு அறையிலும் கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கியது. பெர்லினில் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வழக்கமாகக் கொடுப்பார்கள், ஜெர்மனியின் மற்ற ஊர்களில் பல வீடுகளில் அதுகூட இருக்காது, சமையலறை என்பது நான்கு சுவரும் ஒரு குழாயும்தான். அட்வான்ஸ் மட்டும் பரவாயில்லை, ஹீட்டர், தண்ணீர் மாதிரிச் செலவுகள் சேர்க்காத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாதென்று சட்டமே இருக்கிறது.

இந்தத் தடவை முதலில் மெத்தை மட்டும் புதிதாக வாங்கினோம். மற்றதற்கு அவசரப்படவில்லை. உன் மாப்பிள்ளையும் நானும் பேசி வைத்துக்கொண்டோம், மாதம் 60 யூரோ ஒரு டப்பாவில் போடுவது, வீட்டுக்கு எது வாங்கினாலும் அதிலிருந்துதான், ஒரு இடத்தில் ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் ஒரு மாதமாவது அந்த இடத்தைச் சும்மா விட்டுப் பார்ப்பது. நீயும் அப்படித்தானே செய்தாய்? பவானியில் வீடு கட்டியபோது சமையலறையில் அலமாரி அடிக்க ஆசாரி வந்து நின்றார், நீ "ஆறு மாசம் சமைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று திருப்பி அனுப்பினாய். அந்த அலமாரி இன்றைக்கும் உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

அப்படி விட்டுப் பார்த்ததில் முதலில் தெரிந்தது, எங்களுக்கு வேண்டியது சோபா இல்லை, வெளிச்சம். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலையில் எட்டு மணிக்கு மேல்தான் வரும். ஜூனில் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் பகல். நான் பழக்கதோஷத்தில் நம் ஊர் டியூப்லைட் மாதிரி வெள்ளை வெளிச்சம் தருகிற பல்புகளை வாங்கி நடுக்கூரையில் மாட்டினேன். கோடையில் தெரியவில்லை. குளிர்காலம் வந்ததும் சாயங்காலம் ஆனாலே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, இரண்டு பேரும் காரணம் தெரியாமல் சிடுசிடுவென்று இருந்தோம். பல்பு அட்டையில் ஒரு எண் போட்டிருப்பார்கள், அதை நான் கவனித்ததே இல்லை. 6500 என்றால் நம் டியூப்லைட் வெள்ளை, 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். எல்லாவற்றையும் 2700க்கு மாற்றினோம், அதையும் கூரையில் ஒன்றாக மாட்டாமல் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், படிக்கும் இடத்தில், அடுப்பு மேடையில் என்று தாழ்வாகப் பிரித்து வைத்தோம். விளக்குகள் பழையவை, ஒன்று 8 யூரோ, இன்னொன்று 5. வேறு எதையும் மாற்றாமல் வீடே மாறிவிட்டது அம்மா. நீயும் ஹாலில் ஒரு மஞ்சள் பல்பு போட்டுப் பாரேன், அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில்.

சாமான்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொன்னால் நீ கொஞ்சம் முகம் சுளிப்பாய், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு மாறுகிறவர்கள் வேண்டாத பொருளை வாசலில் வைத்து, அட்டையில் "ட்சு ஃபெர்ஷெங்கன்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். எடுப்பதை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை, வக்கீலும் எடுப்பார், வாத்தியாரும் எடுப்பார். புத்தக அலமாரி அப்படி வந்தது, இரண்டு தெரு தள்ளி இருந்து நானும் உன் மாப்பிள்ளையும் தூக்கி வந்தோம். கிளைன்அன்ட்சைகன் என்று பழைய பொருள் விற்கிற தளம் இருக்கிறது, சாப்பாட்டு மேசை அதில் 40 யூரோ. நகரத்துக் குப்பை அள்ளும் நிறுவனமே 2020இல் ரைனிக்கென்டோர்ஃப் பக்கம் நோஹ்மால் என்று ஒரு பெரிய கடை திறந்திருக்கிறது, தூக்கிப் போட இருந்த நல்ல பொருட்களை அங்கே வைத்து விற்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ஆள் உயரக் கண்ணாடி ஒன்று 15 யூரோவுக்கு எடுத்தேன், ஜன்னலுக்கு எதிரே மாட்டியதும் அந்த இருட்டு ஹால் இரண்டு பங்கு வெளிச்சமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளும் உண்டு, மவுர்பார்க்கில் ஒன்று, பாக்ஸ்ஹாகனர் சதுக்கத்தில் ஒன்று. காலையில் போனால் நல்ல பொருள், சாயங்காலம் போனால் நல்ல விலை. கடைக்காரர்கள் மூட்டை கட்டுகிற நேரத்தில் நின்று, நீ ஈரோடு ஜவுளிச் சந்தையில் பேரம் பேசுவது மாதிரி பேசி, கிழக்கு ஜெர்மனிக் காலத்து மர நாற்காலி இரண்டு 25 யூரோவுக்கு வாங்கினேன். ஆட்டம் கொடுத்த காலை அவர் பசை போட்டு இறுக்கிவிட்டார்.

பயப்படாதே, பார்த்துத்தான் எடுக்கிறோம். மரம், இரும்பு, கண்ணாடி, பீங்கான் மட்டும்தான் பழசு. பஞ்சு வைத்தது, துணி போர்த்தியது எதையும் தெருவிலிருந்து தொடுவதில்லை, மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் அப்புறம் வீட்டையே காலி செய்ய வேண்டியதுதான். மரச் சாமானைக் கவிழ்த்து, இழுப்பறையை உருவிப் பார்த்து, மூலைகளை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மாடி ஏறும்.

சரி, இனி எங்கள் சமையலறையின் நீலச் சுவர் கதை. மாதம் ஒருமுறை பிரிட்ஸ் முருகன் கோயிலுக்குப் போகிறோம் இல்லையா, ஈழத்து ஆட்கள் கட்டிய கோயில் என்று சொன்னேனே. அதற்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு இருக்கிறது, குதிரை லாடம் போல வளைத்துக் கட்டியிருப்பதால் பேரே லாடக் குடியிருப்பு. 1925இல் கட்ட ஆரம்பித்தது. முதல் உலகப் போர் முடிந்து, ஜனங்களுக்கு வீடு இல்லாமல், அரசாங்கத்திடமும் பணம் இல்லாமல் இருந்த காலம். புரூனோ டவுட் என்ற கட்டடக் கலைஞர் மார்ட்டின் வாக்னரோடு சேர்ந்து கட்டினார். சாதாரண வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்க வேண்டிய வீடுகள், சிற்ப வேலைப்பாடு, தூண் என்றெல்லாம் செலவு செய்ய முடியாது. அவர் நிறத்தை எடுத்துக்கொண்டார். எப்படியும் சுவருக்குப் பெயின்ட் அடித்துத்தானே ஆக வேண்டும், அதை வெள்ளையாக அடிப்பானேன் என்று சிவப்பு, மஞ்சள், நல்ல அடர் நீலம் எல்லாம் அடித்தார். வீட்டு அமைப்பு ஒன்றுபோலத்தான் இருக்கும், வாசல் கதவு மட்டும் வரிசையில் போகப் போக நிறம் மாறிக்கொண்டே வரும். 2008இல் இதையும் பெர்லினின் இன்னும் ஐந்து குடியிருப்புகளையும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தரிசனம் முடிந்து அந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அம்மிச்சி வீட்டுத் திண்ணைச் சுவர்தான் நினைவுக்கு வரும். சுண்ணாம்பில் நீலம் கலந்து பொங்கலுக்குப் பொங்கல் அடிப்பார்களே, அதே நீலம். கையில் அதிகம் காசில்லாதவர்கள் இரண்டு கண்டத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த நீலத்தை வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. வாடகை வீடுதான், குடியிருக்கிற வரை நமக்குப் பிடித்த நிறம் அடித்துக்கொள்ளலாம், காலி செய்யும்போது வெள்ளை மாதிரி வெளிர் நிறத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய காகிதங்களில் நீலத்தை அடித்து ஹால் சுவரில் ஒட்டி இரண்டு வாரம் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். ஹால் ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெயிலே வராது, அங்கே அந்த நீலம் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தது. அதே காகிதத்தைச் சமையலறைக்கு மாற்றினேன், காலை வெயில் விழுந்ததும் அப்படியே அம்மிச்சி வீட்டுச் சுவர். அடுப்புக்கு எதிர்ச் சுவர் ஒன்றுக்கு மட்டும் அடித்தோம். பெயின்ட், பிரஷ், ஒட்டும் டேப் எல்லாம் சேர்த்து 38 யூரோ, ஒரு சனிக்கிழமை.

படங்கள் வாங்கவே இல்லை. இங்கே ஓவியங்களை இரவல் தருகிற இடங்கள் இருக்கின்றன, நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, நிஜமான ஓவியர்கள் வரைந்த நிஜமான ஓவியங்கள். பிரேம் போட்டே தருகிறார்கள், சில யூரோக்கள்தான், சில மாதங்கள் வீட்டில் வைத்திருக்கலாம். துணி சுற்றி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். போன தடவை எடுத்த படம் முதல் வாரம் எனக்குப் பிடிக்கவே இல்லை, திருப்பிக் கொடுக்கும்போது மனசு கேட்கவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்பதே இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. சாம்பல் நிறச் சாமான்கள் வாங்கிய அன்று அது எனக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரிந்ததை வாங்கினேன்.

உன் சேலைகளைக் கேட்டாய் இல்லையா, என்ன செய்தேன் என்று. வெட்டவில்லை. சேலை ஐந்தரை மீட்டர், ஜன்னல் கம்பியிலிருந்து தரைக்கு இரண்டே முக்கால் மீட்டர், நடுவில் மடித்துக் கம்பியில் போட்டால் இரண்டு அடுக்காகச் சரியாக நிற்கிறது. ஒரு தையல்கூட இல்லை. அந்த மாம்பழ மஞ்சள் கைத்தறி படுக்கையறையில், அரக்குச் சிவப்பு ஹாலில். ஹாலுக்கு வெயில் வராது என்று சொன்னேனே, அந்தச் சிவப்புதான் அங்கே சூடு. காலையில் மஞ்சள் சேலை வழியாக வெளிச்சம் வரும்போது, நீ பள்ளிக்கூடத்துக்கு என்னை எழுப்பிவிட்ட நாட்கள் மாதிரி இருக்கும். சென்னிமலைப் போர்வைதான் கட்டிலில். உப்பு ஜாடியில் கரண்டிகள். குத்துவிளக்கு நீல சுவருக்குப் பக்கத்தில், தெருவில் கிடைத்த ஒரு சின்ன மர ஸ்டூலின் மேல். கறிவேப்பிலைச் செடி குளிரில் இலையை உதிர்த்துவிட்டது, வேர் பிழைத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், ஜன்னலை விட்டு நகர்த்தவில்லை.

பெரியம்மா பார்த்தது ஹாலின் நடுவில் இருக்கிற வெறும் இடத்தை. அது வெறுமையாகத் தெரிகிறது, ஆனால் சாயங்காலம் நாங்கள் இருப்பது அங்கேதான். போர்வை விரித்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இங்கே பழகிய நான்கைந்து குடும்பங்கள் வந்தால் எல்லோரும் சம்மணம் போட்டு உட்காருவார்கள், கீழ்மாடியில் இருக்கிற ஜெர்மன் பாட்டிக்கு மட்டும் நாற்காலி. சோபா போட்டிருந்தால் பதினோரு பேர் போன வாரம் எங்கே உட்கார்ந்திருக்க முடியும்?

அந்த இடத்துக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். ஒரு பவானி ஜமக்காளம். பணம் அனுப்புவதற்குப் பதிலாக அதை அனுப்பு. அளந்துவிட்டேன், 6 அடிக்கு 9 அடி, அதற்கு மேல் போனால் கதவு திறக்கும்போது இடிக்கும். நல்ல பருத்தி நூலில் தறியில் நெய்ததாகப் பார். கோடு போட்டது போதும், பூ வேண்டாம். அரக்குச் சிவப்புத் திரைக்குப் பக்கத்தில் கிடக்கப் போகிறது, அதனால் பச்சையும் நீலமும் அதிகமாக இருக்கிற மாதிரி எடு, நடுவில் ஒரு மஞ்சள் கோடு ஓடினால் இன்னும் நல்லது. கடைக்குப் போனதும் வீடியோ போடு, பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டச் சொல். பொங்கலுக்கு உன் மாப்பிள்ளையின் தம்பி வருகிறான், பெட்டியில் இடம் இருக்கும், எடை மட்டும் பார்த்துக்கொள்.

பெரியம்மாவையும் கடைக்குக் கூட்டிப் போ. நிறம் பொறுக்குவதில் உன்னைவிட அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

உன் அன்பு மகள்