கையுறையைப் பத்திரப்படுத்தினார்கள், கைக்கட்டை விட்டுவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்முறை குத்துச்சண்டையில் யாராவது ஒருவர் "எதிராளி கையுறைக்குள் சுற்றியிருந்த கைக்கட்டில் ஏதோ இருந்தது" என்று வாய் திறந்தால் போதும், தோற்றவன் சொல்லும் சப்பைக்கட்டு என்று ஒரு கூட்டமும், அவன் எப்பவுமே ஃபிராடுதான் என்று இன்னொரு கூட்டமும் கிளம்பிவிடுகிறது. இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். பத்திரிகைகளும், உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், யார் யாரைத் திட்டினார் என்று எழுதுகிற அளவுக்கு அந்தக் கட்டைச் சோதித்தது யார், சண்டை முடிந்த அப்புறம் அது எங்கே போனது என்று எழுதுவதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குத்துச்சண்டை பார்க்காதவர்களுக்காக முதலில் ஒன்று. கையுறைக்குள்ளே வெறும் கை இருப்பதில்லை. சண்டைக்கு முன்னால், உடை மாற்றும் அறையில், வீரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சாய்மானத்தின் மேல் கையை நீட்டி விரல்களை விரித்து வைத்துக்கொள்வார். பயிற்சியாளர் எதிரே உட்கார்ந்து மெல்லிய காஸ் துணியை மணிக்கட்டில் ஆரம்பித்து, புறங்கை, விரல் இடுக்கு என்று சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து, விரல் முட்டிகளுக்கு மேல் மெத்தை மாதிரி மடித்து வைத்து, பிளாஸ்திரி போட்டு இறுக்குவார். எதிர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து பக்கத்திலேயே நின்று பார்ப்பார். வீரர்களுக்கு உரிமம் தருகிற மாநில ஆணையத்தின் ஆய்வாளரும் இருப்பார், எல்லாம் சரியாக இருந்தால் கட்டின் மேலேயே பேனாவால் கையெழுத்துப் போடுவார், அதற்கு அப்புறம்தான் கையுறை. நெவாடா மாநில விதியில் பிளாஸ்திரி முட்டிகளுக்கு முக்கால் அங்குலத்துக்குள் வரக் கூடாது என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கட்டு இருப்பது அடிக்கிறவனின் எலும்பு உடையாமல் இருக்க. அதையே முட்டியின் மேல் கெட்டியாக்கிவிட்டால் அடி வாங்குகிறவனின் முகம்தான் உடையும். எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டு எப்படி இறுகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாவு கொஞ்சம் துணியில் இருந்தால் போதும், ஈரம் பட்டால் இறுகிவிடும், ஈரத்துக்கு வியர்வையே இருக்கிறது.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் பில்லி காலின்ஸ் ஜூனியரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1983 ஜூன் 16, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ராபர்டோ டுரானும் டேவி மூரும் மோதிய பெரிய சண்டைக்கு முன்னால் நடந்த ஒரு பத்து ரவுண்ட் சண்டை. காலின்ஸுக்கு 21 வயது, டென்னஸியைச் சேர்ந்த பையன், 14 சண்டை ஆடி ஒன்றில்கூடத் தோற்றதில்லை. எதிரே லூயிஸ் ரெஸ்டோ, 20 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா, பலமான அடிக்குப் பெயர் வாங்கியவரே இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் விட்ட ஒவ்வொரு குத்திலும் காலின்ஸின் முகம் வீங்கிக்கொண்டே போனது, பத்து ரவுண்டும் பையன் நின்று வாங்கினான், முடிவில் இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட மூடிவிட்டன. நடுவர்கள் ரெஸ்டோ வென்றதாக அறிவித்தார்கள். ரெஸ்டோ கைகுலுக்க வந்தபோது காலின்ஸின் அப்பா, அவர்தான் மகனுக்குப் பயிற்சியாளரும், அந்தக் கையுறையைப் பிடித்தார், பிடித்த கை விடவில்லை. உள்ளே பஞ்சே இல்லை என்று கத்தி ஆய்வாளரைக் கூப்பிட்டார். கையுறைகளைக் கைப்பற்றிச் சோதித்ததில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் அளவுக்குத் திணிப்பு எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. எட்டு அவுன்ஸ் கையுறையில் ஒரு அவுன்ஸ் என்பது சின்ன விஷயமில்லை, எடுத்தது முட்டிக்கு முன்னால் இருக்கும் பஞ்சை.

காலின்ஸின் கண்ணில் கருவிழிப் படலம் கிழிந்து பார்வை மங்கிப்போனது, திரும்ப ரிங்கில் ஏற முடியவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் கார் விபத்தில் இறந்துபோனான், 22 வயதில். அது விபத்துதானா, மனம் வெறுத்துச் செய்ததா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள், நான் அதற்குள் போக விரும்பவில்லை. 1986-இல் ரெஸ்டோவும் அவருடைய பயிற்சியாளர் பனாமா லூயிஸும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, ரெஸ்டோ இரண்டரை ஆண்டு சிறையில் இருந்தார். பனாமா லூயிஸுக்கு ஆயுள் முழுக்க ரிங் ஓரத்தில் நிற்கத் தடை. சரி, நீதி கிடைத்ததே என்று நினைப்பீர்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து ரெஸ்டோவே ஒப்புக்கொண்டார், கையுறையில் பஞ்சு எடுத்தது தனக்குத் தெரியும் என்று மட்டுமில்லை, கைக்கட்டையும் அன்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில், அதாவது அந்த மாவுக்கட்டு மாவில், நனைத்திருந்தார்கள் என்று. அதாவது கையுறையைப் பத்திரப்படுத்தியதால் பாதிக் குற்றம் வெளிவந்தது, கட்டைப் பத்திரப்படுத்தாததால் மீதிப் பாதி அவராக வாய் திறக்கும் வரை புதைந்தே கிடந்தது. அந்த அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு கையுறையைத் தொடுகிற வாய்ப்பு கிடைக்காமல் போயிருந்தால்? ரெஸ்டோவின் கணக்கில் 21-ஆவது வெற்றி என்று எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இதில் என்னால் ஜீரணிக்க முடியாதது இன்னொன்று. அதே பனாமா லூயிஸ் ஏழு மாதம் முன்னால், 1982 நவம்பரில் மயாமியில் ஆரன் பிரையர், அலெக்சிஸ் ஆர்குவெல்லோ சண்டையில் பிரையரின் மூலையில் நின்று ரவுண்டுக்கு ரவுண்டு அவரைக் கவனித்துக்கொண்டவர். 13-ஆவது ரவுண்டுக்கு அப்புறம், அந்த பாட்டில் வேண்டாம், நான் கலந்து வைத்தேனே அதைக் கொடு என்று அவர் கேட்டது தொலைக்காட்சி மைக்கிலேயே பதிவானது. அடுத்த ரவுண்டில் பிரையர் ஜெயித்தார், சண்டைக்கு அப்புறம் சிறுநீர்ச் சோதனைகூட நடக்கவில்லை. பாட்டிலில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அப்போதே அந்த பாட்டிலைப் பிடுங்கிச் சோதித்திருக்க வேண்டாமா? அதையும் செய்யவில்லை. சிறைக்குப் போய்வந்த பிறகும் அவர் ஜிம்மில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், தடை என்பது சண்டை நாளில் மூலையில் நிற்பதற்கு மட்டும்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2009 ஜனவரி 24, லாஸ் ஏஞ்சலிஸில் அன்டோனியோ மார்கரிட்டோவும் ஷேன் மோஸ்லியும் மோத இருந்தார்கள். மார்கரிட்டோவின் கையில் கட்டுப் போடுவதைப் பார்க்க மோஸ்லியின் பயிற்சியாளர் நாசிம் ரிச்சர்ட்சன் போனார். தொட்டுப் பார்த்தார், முட்டி மேல் வைத்த மெத்தை மெத்தையாக இல்லை. பிரித்துக் காட்டு என்று பிடிவாதமாக நின்றார். பிரித்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ பூசி இறுகியிருந்தது. புதிதாகக் கட்டுப் போட்டுச் சண்டை நடந்தது, ஒன்பதாவது ரவுண்டில் மோஸ்லி வென்றார். பிறகு ஆய்வகத்தில் அந்த மெத்தைகளில் கால்சியமும் கந்தகமும் இருப்பது தெரிந்தது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இருக்கும் அதே பொருள்கள். பயிற்சியாளர் ஹாவியர் கபெட்டியோ, தவறுதலாக வேறு மெத்தையை எடுத்துவிட்டேன் என்றார், மார்கரிட்டோ எனக்கு எதுவுமே தெரியாது என்றார். கலிஃபோர்னியா ஆணையம் இருவரின் உரிமத்தையும் ரத்து செய்தது, குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். தெரிந்து செய்தாரா தெரியாமல் நடந்ததா என்பது கேள்வியே இல்லை, கையில் இருந்தால் வீரர்தான் பொறுப்பு என்பதை 2010-இல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கட்டுப் போட்டுக்கொண்ட கைக்கு, எது பஞ்சு எது கல் என்று தெரியாதா?

ரிச்சர்ட்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2001 செப்டம்பரில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், ஃபெலிக்ஸ் டிரினிடாட் சண்டைக்கு முன்னாலும் டிரினிடாட்டின் கைக்கட்டில் காஸும் பிளாஸ்திரியும் அடுக்கடுக்காக இருக்கிறது என்று எதிர்ப்புச் சொல்லி, அவிழ்த்து மறுபடி போட வைத்தவர் அவர்தான். அங்கே எந்தப் பொருளும் கண்டுபிடிக்கப்படவில்லை, கட்டும் முறையைப் பற்றிய தகராறுதான், அதனால் டிரினிடாட்டை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஆனால் அதே ஆள் எட்டு வருடம் கழித்தும் அதே கவனத்தோடு இன்னொரு அறையில் நின்றிருக்கிறார் பாருங்கள். 2020-இல் அவர் காலமானார். இந்த விளையாட்டு அவருக்குப் பட்ட கடன் பெரிது.

ஆனால் ஒரு தனி மனிதரின் கூர்மையை நம்பியா இத்தனை பேரின் கண்ணும் மூளையும் இருக்க வேண்டும்? மோஸ்லி சண்டைக்கு ஆறு மாதம் முன்னால், 2008 ஜூலையில், இதே மார்கரிட்டோ லாஸ் வேகாஸில் மிகேல் கோட்டோவை அடித்த அடி பார்த்தவர்களுக்கு மறக்காது. 11-ஆவது ரவுண்டில் கோட்டோ முகமெல்லாம் ரத்தத்தோடு தானாக மண்டியிட்டார். மோஸ்லி விவகாரம் வெடித்ததும் கோட்டோவுக்குச் சந்தேகம் வந்தது, அன்றைய சண்டையின் புகைப்படத்தைக் காட்டி, அன்றும் இப்படித்தானா என்று கேட்டார். யாரால் பதில் சொல்ல முடியும்? மார்கரிட்டோ மறுத்தார். கோட்டோ சந்தேகப்பட்டது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம், மார்கரிட்டோ அன்று சுத்தமாகவே ஜெயித்திருக்கலாம். அந்தக் கட்டு ஒரு உறையில் சீல் வைத்து இருந்திருந்தால் ஒரே வாரத்தில் தெரிந்திருக்கும். சண்டை முடிந்த சில நிமிடத்தில் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடுவதுதான் வழக்கம், பிறகு ஆயுள் முழுக்க இருவருக்கும் அந்தச் சந்தேகம்தான் மிச்சம். 2011 டிசம்பரில் மறுபடி மோதி, வலது கண் மூடிப்போன மார்கரிட்டோவை மருத்துவர் நிறுத்த, கோட்டோ வென்றார். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆதாரமாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் என் கடிதம் நேர்மையாக இருக்காது. ஆதாரமில்லாமல் பழி போடுவதும் கொடுமைதான். 2020 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரியிடம் தோற்ற டியோன்டே வைல்டர், முதலில் ரிங்குக்கு அணிந்து வந்த உடை கனமாக இருந்தது என்றார், அப்புறம் ஃப்யூரியின் கையுறையில் ஏதோ செய்திருக்கிறார்கள் என்றார். அதற்கு எந்த ஆதாரமும் வெளிவரவில்லை. 2021 அக்டோபரில் மறுபடி மோதி 11-ஆவது ரவுண்டில் நாக்-அவுட் ஆனார். இப்படி 'புலி வருது' என்று கத்திக்கொண்டே இருந்தால், நாளைக்கு நிஜமாகவே கையில் கல்லோடு ஒருவன் வரும்போது யார் காது கொடுப்பார்கள்? ஜாக் டெம்ப்ஸி 1919-இல் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டில் ஏழு முறை கீழே தள்ளிப் பட்டம் வென்றார், அவருடைய மேலாளராக இருந்த கேர்ன்ஸ், தான்தான் டெம்ப்ஸியின் கைக்கட்டில் மாவு பூசினேன் என்று சொன்னதாக 1964-இல் ஒரு பத்திரிகையில் வந்தது, அப்போது கேர்ன்ஸ் உயிரோடுகூட இல்லை. டெம்ப்ஸி மறுத்து வழக்குப் போட்டார். குற்றமற்றவர் என்றால் அதை நிரூபிக்க அவருக்கும் எதுவும் மிச்சமில்லை. கட்டைப் பாதுகாப்பது ஏமாற்றியவனைப் பிடிக்க மட்டுமில்லை, ஏமாற்றாதவனைக் காப்பாற்றவும்தான்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சண்டை முடிந்ததும் இருவரின் கையுறையும் கட்டும் ஆய்வாளர் முன்னால்தான் கழற்றப்பட வேண்டும், சீல் வைத்துச் சில மாதமாவது ஆணையத்திடம் இருக்க வேண்டும். கட்டுப் போடுவதை ஆரம்பம் முதல் கடைசி வரை இடைவெளியில்லாமல் வீடியோ எடுக்க வேண்டும், கோடிக்கணக்கில் பணம் புரளும் சண்டைக்கு ஒரு கேமராவும் நான்கு உறையும் ஒரு செலவே இல்லை. அப்புறம், ஒரு மாநிலத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு இன்னொரு மாநிலம் கதவு திறக்கக் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு ஆணையம். மார்கரிட்டோவுக்கு 2010 ஆகஸ்டில் கலிஃபோர்னியா மறுபடியும் உரிமம் தர மறுத்தது, டெக்சாஸ் கொடுத்தது, நவம்பரில் அங்கே பெரிய மைதானத்தில் மேனி பாக்கியாவோவோடு உலகப் பட்டத்துக்கே சண்டை போட்டார். அதில் அவருடைய கண்குழி எலும்பு உடைந்தது என்பதைச் சிலர் தண்டனை மாதிரி பேசுகிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. ஒருவர் முகம் உடைவது நியாயம் வழங்கும் முறை ஆகாது.

உங்கள் விளையாட்டுப் பக்கத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு குற்றச்சாட்டுச் செய்தி வரும்போது, இரு தரப்பும் பேசியதைப் போடுவதோடு நிறுத்தாமல், கட்டுப் போடும்போது அறையில் எதிர் தரப்பிலிருந்து யார் இருந்தார், ஆய்வாளர் கையெழுத்துப் போட்டாரா, கையுறையும் கட்டும் இப்போது யாரிடம் இருக்கிறது, ஆய்வகத்துக்குப் போனதா என்று விசாரித்து எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கேட்டோம், பதில் தரவில்லை என்று அதையே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்