கிராஸ்போ வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓஹாயோவில் வீடு பார்த்தாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அமைந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆளுக்கொரு கரையில் கிடந்தோம், இனிமேல் நினைத்தால் காரில் வந்து பார்த்துவிடலாம். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து இப்போது தானே பேப்பர் படிக்கிறாள்.

தோள் வலிக்கிறது, மான் வேட்டைக்குக் காம்பவுண்டை (கப்பி வைத்த, கையால் இழுத்துப் பிடிக்கும் வில்) விட்டுக் கிராஸ்போ (துப்பாக்கி போலத் தோளில் வைத்து விசையை அழுத்தி அம்பு விடும் குறுக்குவில்) வாங்கலாமா என்று நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். ஓரிகனில் கிராஸ்போவோடு வேட்டைக்குப் போகவே வழியில்லை. ஓஹாயோவில் அப்படி இல்லை. செப்டம்பர் கடைசியில் வில் வேட்டைக் காலம் தொடங்கினால் பிப்ரவரி ஆரம்பம் வரை ஓடும், அது முழுக்க காம்பவுண்ட், கிராஸ்போ இரண்டும் ஒரே தட்டில்தான். சட்டம் கேட்பதும் கொஞ்சம்தான். காம்பவுண்டுக்குக் குறைந்தது 40 பவுண்டு இழுவிசை, கிராஸ்போவுக்கு 75 பவுண்டு, அம்புமுனை முக்கால் அங்குல அகலத்தில் இரண்டு வெட்டுவிளிம்போடு இருக்க வேண்டும். புறப்படும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒரு தடவை புரட்டிக்கொள்.

என் பதில்: வாங்கு, ஆனால் உன் காம்பவுண்டை விற்காதே. தோள் வலிக்கிறது என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசி. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் கிராஸ்போவுக்குப் போடும் 200 பவுண்டு இழுவிசை என்ற எண்ணைப் பார்த்து மயங்காதே. உன் 70 பவுண்டு வில்லில், 29 அங்குல இழுப்பில், நாண் அம்பை ஏறத்தாழ 20 அங்குலத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. கிராஸ்போவில் அந்தத் தூரம் 13 முதல் 15 அங்குலம்தான். தள்ளும் தூரம் குறைவதால்தான் பவுண்டை ஏற்றி ஈடுகட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்: 420 கிரெயின் (அம்பு எடையின் அலகு) காம்பவுண்ட் அம்பு வினாடிக்கு 280 அடி வேகத்தில் போனால் 73 அடி-பவுண்டு ஆற்றல். 400 கிரெயின் கிராஸ்போ அம்பு 400 அடி வேகத்தில் போனால் 142. ஏறக்குறைய இரண்டு மடங்கு, உண்மைதான். ஆனால் வெண்வால் மானுக்கு 40 இருந்தாலே முனை கூராக இருக்கும்வரை அம்பு விலாவைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். அந்த மிச்ச ஆற்றலால் மான் சீக்கிரம் சாவதில்லை. அம்பு வெட்டிக் கொல்கிறது, துப்பாக்கிக் குண்டு போல அடித்துக் கொல்வதில்லை.

வேகத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் தூரத்தைத் தப்பாகக் கணிக்கும்போது தெரியும். 45 கெஜத்தில் நிற்கும் மானை 40 என்று நினைத்து விட்டால், காம்பவுண்ட் அம்பு சுமார் 5 அங்குலம் தாழ்ந்து போகும், கிராஸ்போ அம்பு இரண்டரை முதல் 3 அங்குலம். முதலாவது இதயத்துக்குக் கீழே தோலைக் கீறிவிட்டுப் போகலாம், இரண்டாவது இன்னும் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் இதை வைத்து 70 கெஜம், 80 கெஜம் என்று பேசுகிறவர்களை நம்பாதே. ஒலி வினாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. 40 கெஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு நாணின் சத்தம் ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கில் எட்டிவிடும். 400 அடி வேக அம்புக்கு 0.3 வினாடி ஆகும். நடுவில் இருக்கும் அந்த 0.2 வினாடியில்தான் மான் பாய்வதற்காக முன்னங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துகிறது. 0.1 வினாடி தாழ்ந்தால் 2 அங்குலம், 0.2 வினாடி தாழ்ந்தால் 7 அங்குலத்துக்கு மேல். போதாததற்குக் கிராஸ்போவின் சத்தம் காம்பவுண்டைவிட அதிகம். குட்டையான அம்பு, அகலமான முனை, 50 கெஜத்தைத் தாண்டினால் காற்றும் அதை நன்றாகவே இழுக்கும். ஆகவே எந்த வில்லானாலும் 40 கெஜத்தோடு நிறுத்திக்கொள். மான் காதை விறைத்துக்கொண்டு உன் பக்கமே பார்க்கிறதென்றால் 25.

கிராஸ்போ உண்மையில் எதை மாற்றுகிறது என்றால், இழுக்கும் அந்த ஒரு கணத்தை. காம்பவுண்டில் மானின் கண் ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்வரை காத்திருந்து இழுக்க வேண்டும். 80 சதவீத லெட்-ஆஃப் (முழுதாக இழுத்தபின் பாரம் குறையும் அளவு) இருந்தாலும் 70 பவுண்டு வில்லில் 14 பவுண்டைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மான் வெளியே வராமல் ஒரு நிமிஷம் நின்றால் கை நடுங்கும், குறிவைக்கும் ஊசி ஆடும், பொறுமை இழந்து விரல் ரிலீஸை (நாணைப் பிடித்து விடும் கருவி) அழுத்திவிடும். குளிர் ஏறிய ஜனவரியில் மூன்று அடுக்கு உடுப்போடு இழுப்பது அதைவிடச் சிரமம், நாண் சட்டைக்கையில் பட்டாலே அம்பு விலகிவிடும். கிராஸ்போவில் இதெல்லாம் இல்லை. அழுத்தினால் நாணை விடும் விசை, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், தாங்குகோல். பருவத்தின் பின்பாதிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

இனி உன் தோளுக்கு வருவோம். கிராஸ்போவுக்கும் நாண் இழுக்கத்தான் வேண்டும். 200 பவுண்டு கிராஸ்போவை இழுகயிறு மாட்டி இழுத்தால் பாரம் பாதியாகும், அதாவது 100 பவுண்டு. கால் வளையத்தில் பாதத்தை வைத்துக் குனிந்து இழுப்பது நல்ல தோளுக்கே சுமைதான். கிராங்க் (சுற்றி நாணை இழுக்கும் கைப்பிடி) உள்ளதை வாங்கினால் பத்துப் பன்னிரண்டு பவுண்டு பிரயத்தனம் போதும், ஆனால் விலையும் எடையும் கூடும். ஸ்கோப், அம்புகளோடு 8, 9 பவுண்டு, அதுவும் முன்பாரமாக. உன் காம்பவுண்ட் எல்லாம் சேர்த்து 5 பவுண்டு வருமா? இதற்கு மாறாக, காம்பவுண்டிலேயே இழுவிசையைக் குறைத்துப் பார்க்கலாம். 50 பவுண்டில் 400 கிரெயின் அம்பு 240 அடி வேகத்தில் போனால்கூட 51 அடி-பவுண்டு கிடைக்கிறது. மானுக்கு அது தாராளம். ஆனால் 60-70 பவுண்டு லிம்ப் (வளையும் வில்கை) உள்ள வில்லைத் திருகியே 50க்கு இறக்க முடியாது. மேலும் கீழும் ஒரே அளவு சுற்று, கையேடு சொல்லும் எல்லைக்குள் மட்டும். அதைத் தாண்டினால் லிம்ப் பிடியைவிட்டுக் கழன்றுவிடும். லிம்பையே மாற்றச் சொல்லிக் கடையில் கேள். பிறகு அம்பின் விறைப்பையும் புதிதாகப் பார்க்க வேண்டும், 70க்குப் பொருந்திய அம்பு 50க்கு அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கும்.

கிராஸ்போ வாங்குவதாக முடிவு செய்தால், 350 முதல் 400 அடி வேகத்துக்குள் ஒன்றை எடு. அதற்கு மேல் போகப் போக நாணும் அதன் நடுவில் சுற்றிய காப்பு நூலான சர்விங்கும் சீக்கிரம் தேயும், நிலையான கத்தி கொண்ட பிராட்ஹெட் (வேட்டை அம்புமுனை) காற்றில் தானாகத் திசை திரும்பும். வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல விசைக்குக் கொடு. பாரமாக, இழுபறியாக இருக்கும் விசை, தாங்குகோலில் வைத்துச் சுட்டாலும் அம்பை விலக்கிவிடும். அம்பில்லாமல் விடுவதைத் தடுக்கும் பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும். சுடாமலே நாணை இறக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பழுது பெரும்பாலும் எங்கே வருகிறது தெரியுமா? அம்பின் வாலில் நாண் வந்து பொருந்தும் துண்டான ‘நாக்’கில். அரைவட்டம், தட்டை, கவ்வும் வகை என்று மூன்று நான்கு உண்டு, ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கு எது வேண்டும் என்று சொல்லியிருக்கும். வேறு ஒன்றைப் போட்டாலோ, அம்பைக் கடைசிவரை தள்ளாமல் விட்டாலோ, நாண் அம்பின் மேலேறிப் போகும். வெறும் வில்லை விட்டதற்குச் சமம் அது, லிம்ப் பிளக்கலாம், கேம் (லிம்ப் நுனியில் இருக்கும் கப்பி) வளையலாம். எடை குறைந்த அம்பும் அப்படித்தான். கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச எடைக்குக் கீழே ஒரு கிரெயின்கூடப் போகாதே.

கட்டைவிரல்! இதைப் பெரிய எழுத்தில் எழுதியதாக வைத்துக்கொள். முன்கையில் பிடிக்கும்போது விரல் நுனிகள் ரெயில் (நாண் சறுக்கிவரும் தடம்) மட்டத்துக்கு மேலே வந்தால் நாண் அவற்றைக் கொண்டுபோய்விடும். காம்பவுண்ட் பழகிய கைக்கு இந்தப் பயம் கிடையாது, அதனால்தான் உனக்குச் சொல்கிறேன். லிம்ப் விரியும் இடமும் அப்படியே. பரணின் கம்பி, மறைப்புக் கூடாரத்தின் ஜன்னல் சட்டம், பக்கத்துக் கிளை எதுவானாலும் சுடும் முன் இரண்டு பக்கமும் பார். ஸ்கோப் இரண்டரை அங்குலம் மேலே இருப்பதால் ஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும் வழியில் அம்புக்கு எதிரே ஜன்னலின் கீழ்ச்சட்டம் நிற்கலாம்.

பரணில் ஏறும்போது நாணைக் கீழேயே ஏற்றிக்கொள், அம்பை மட்டும் வைக்காதே. நீ ஏறி, முழு உடல் பாதுகாப்புப் பட்டையை மரத்தில் மாட்டிய பிறகு, கயிற்றில் கட்டி மேலே தூக்கு. இறங்கும்போது அதே வரிசை தலைகீழாக. நாள் முடிவில் ஒரு பழைய அம்பை மென்மண்ணிலோ இலக்குப் பொதியிலோ விட்டு நாணை இறக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி மெல்ல இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 200 பவுண்டு திடீரென்று கைக்கு வரும்.

ஸ்கோப்பைச் சரிபார்க்க ஒரு காலைப் பொழுது போதும். 20 கெஜத்தில் மூன்று அம்பு, ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியில், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று பிளக்கும். பல ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது 100 கெஜத்தில் கால் அங்குலம். 20 கெஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்த 20 கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் கெட்டுவிட்டது என்கிறவர்கள் இந்தக் கணக்கை மறந்தவர்கள். 20 சரியானதும் 40க்குப் போ. ஸ்கோப்பில் 40க்கான கோட்டில் குறிவைத்து அம்பு தாழ்ந்து பட்டால் ஸ்கோப்பின் வேக வளையத்தை (அம்பின் வேகத்துக்கு ஏற்பத் திருப்புவது) குறைந்த எண்ணுக்குத் திருப்பு, உயர்ந்து பட்டால் கூட்டு. அம்பு ஒரே பக்கமாக விலகினால் ஸ்கோப்பைத் தொடும் முன் நாணைப் பார். நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் ரெயிலை ஒட்டிக் கறுப்பு மையால் கோடு போட்டு வை. கயிற்றால் இழுக்கும்போது ஒரு பக்கம் மிகுந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கிராங்கில் இந்தத் தொல்லை குறைவு.

மெழுகு நாணுக்கும் கேபிளுக்கும் மட்டும். ரெயிலில் உராயும் சர்விங்குக்கு அதற்கான எண்ணெய் ஒரு சொட்டு, கையேடு சொல்லும் இடைவெளியில். அதிகம் விட்டால் அது விசைப்பெட்டிக்குள் இறங்கித் தூசியோடு பசையாகிவிடும்.

கடைசியாக ஒன்று. எந்த வில்லாக இருந்தாலும் மான் பக்கவாட்டிலோ, கொஞ்சம் அப்பால் திரும்பியோ நிற்கும்போதுதான் விட வேண்டும். இளஞ்சிவப்பில் நுரைத்த இரத்தம் நுரையீரல், அரை மணி காத்துத் தேடு. கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரம். அம்பில் பச்சையும் நாற்றமும் இருந்தால் வயிறு. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கமே போகாதே. கிராஸ்போவில் மறு அம்புக்கு அரை நிமிஷம் அசைவும் சத்தமும் ஆகும் என்பதால் முதல் அம்புதான் உன் அம்பு.

ஆகஸ்டில் வந்து இறங்கியதும் சொல். உன் வில்லின் இழுப்பு நீளம், கேம் மேல் ஒட்டியிருக்கும் எண், இப்போது வைத்திருக்கும் அம்பின் நீளமும் எடையும் எழுதி அனுப்பு. 50 பவுண்டு லிம்ப் கிடைக்குமா என்று இங்கே கடையில் கேட்டு வைக்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி